‘வில்லன் எப்போ வருவான்?’: ஜிப்லி படங்களுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

என் தங்கை மகளுக்கு அப்போது ஆறு வயது. ஜப்பானின் ஸ்டுடியோ ஜிப்லி எடுத்த ‘டோட்டோரோ’ என்ற அனிமேஷன் படத்தைப் போட்டு இருபது நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு சிறுமிகள் அப்பாவோடு ஒரு பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள், கைப்பம்பை அடித்துத் தண்ணீர் எடுத்தார்கள், தரையைத் துடைத்தார்கள், குளித்தார்கள், சிரித்தார்கள், தூங்கினார்கள். அவ்வளவுதான் நடந்திருந்தது. அவள் மெதுவாக என் பக்கம் திரும்பி, “மாமா, வில்லன் எப்போ வருவான்?” என்றாள். வரமாட்டான் என்றேன். “அப்ப கதை எப்போ ஆரம்பிக்கும்?”

நியாயமான கேள்வி. பெரியவர்களுக்கும் இதே சந்தேகம்தான், என்ன, அவர்கள் வாய்விட்டுக் கேட்காமல் போனைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். “எல்லாரும் ஆகா ஓகோ என்கிறார்களே என்று போட்டுப் பார்த்தேன், ஒன்றுமே நடக்கவில்லையே” என்று என்னிடம் அலுத்துக்கொண்ட நண்பர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் தப்பான படத்தில் தொடங்கியிருப்பார்கள், இல்லையென்றால் சரியான படத்தைத் தப்பான நேரத்தில் போட்டிருப்பார்கள். அதனால் எந்த வரிசையில் போவது, எப்படி உட்கார்ந்து பார்ப்பது, எங்கே கண்ணை வைப்பது, குழந்தைகளுக்கு எதைக் காட்டக்கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதிவைக்கிறேன்.

முதல் படி: டோட்டோரோவில் தொடங்குங்கள்

இதில் மறுபேச்சே கிடையாது. முதல் படம் ‘மை நெய்பர் டோட்டோரோ’.

நிறைய பேர் ‘ஸ்பிரிட்டட் அவே’யில் தொடங்குகிறார்கள். 2002இல் பெர்லினில் தங்கக் கரடி, 2003இல் ஆஸ்கர் என்று வாங்கிக் குவித்த படம், எந்தப் பட்டியலைத் திறந்தாலும் உச்சியில் நிற்கும், அதனால் கை அங்கேதான் போகும். அருமையான படம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பன்றியாக மாறிப்போகும் அப்பா அம்மா, ஆட்களின் பெயரைப் பிடுங்கிக்கொள்ளும் சூனியக்காரி, ஆறு கையோடு கொதிகலனை ஓட்டும் தாத்தா என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும்போது பழக்கமில்லாதவருக்குத் தலை சுற்றும். டோட்டோரோவில் அந்தக் கூட்டம் இல்லை. கரித்தூசி உருண்டைகள், டோட்டோரோ என்னும் மயிர் அடர்ந்த காட்டு ஜீவன்கள் பெரிதும் நடுத்தரமும் சிறிதுமாக மூன்று, ஒரு பூனைப் பேருந்து. முடிந்தது.

1988 ஏப்ரலில் வந்த படம், 1 மணி 26 நிமிடம். எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. இசாவோ தகாஹாதா, தோஷியோ சுசுகி ஆகியோரோடு சேர்ந்து 1985இல் ஸ்டுடியோ ஜிப்லியைத் தொடங்கியவர். ஜிப்லி என்பது சகாராவில் அடிக்கும் சூடான காற்றுக்கு இத்தாலியர்கள் சொன்ன பெயர், ஒரு இத்தாலிய விமானத்துக்கும் அதே பெயர். விமானப் பைத்தியமான மியாசாகி அதை எடுத்து வைத்துக்கொண்டார். இத்தாலியக்காரர் வாயில் ‘கிப்லி’ என்றுதான் வரும். ஜப்பானில் ‘ஜிபுரி’ என்று சொல்லிப் பழகிவிட்டது, இனி யார் திருத்துவது.

கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். 1950களின் ஜப்பான், டோக்கியோவுக்குப் பக்கத்தில் வயலும் மேடுமான ஒரு கிராமம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று அப்பா இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு குடிவருகிறார். பெரியவள் சத்சுகி, சின்னவள் மேய். சத்சுகி என்பது மே மாதத்துக்குப் பழைய ஜப்பானியப் பெயர், மேய் என்பது ஆங்கில மே. முதலில் மியாசாகி மனதில் இருந்தது ஒரே ஒரு சிறுமிதான், பிறகுதான் அவள் இரண்டாகப் பிரிந்தாள். படத்தின் போஸ்டரை எடுத்துப் பாருங்கள்: பஸ் ஸ்டாப்பில் டோட்டோரோவுக்குப் பக்கத்தில் நிற்பவள் சத்சுகியும் இல்லை, மேயும் இல்லை, இருவரும் கலந்த அந்தப் பழைய ஒற்றைச் சிறுமி.

மியாசாகியின் அம்மாவும் காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர். படத்தில் அம்மாவின் நோயைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள், ஆனால் வீட்டுக்குள் அந்தக் கவலை எப்போதும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும்.

இங்கேயே ஒரு எச்சரிக்கை. டோட்டோரோ தியேட்டருக்கு வந்தபோது அதே டிக்கெட்டில் இன்னொரு ஜிப்லி படமும் சேர்த்துக் காட்டினார்கள், தகாஹாதா இயக்கிய ‘கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்’. போரில் அநாதைகளான அண்ணன் தங்கை பசியில் வாடும் கதை. அற்புதமான படம், ஆனால் பட்டியலில் டோட்டோரோவுக்குப் பக்கத்தில் மின்மினிப்பூச்சி படம் போட்டிருக்கிறதே, இதுவும் குழந்தைப் படம்தான் போல என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு போட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: மொழியைச் சரிசெய்யுங்கள்

ஜிப்லி படங்களில் பெரும்பாலானவை 2020 முதல் அமெரிக்கா, கனடா, ஜப்பான் நீங்கலாக மற்ற பல நாடுகளில் நெட்ஃபிளிக்ஸில் வரத் தொடங்கின. படம் பார்க்கலாம் என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைப்பதற்கு முன்பே, இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒலி ஜப்பானிய மொழியில், சப்டைட்டில் ஆங்கிலத்தில். இதுதான் சரி. இதில் ஒரு சின்னப் பொறி உண்டு. பல இடங்களில் இரண்டு ஆங்கில சப்டைட்டில் இருக்கும், அதில் ‘சிசி’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் ஆங்கில டப்பிங்கின் வசனத்தை அப்படியே எழுதியது, ஜப்பானிய வசனத்தின் மொழிபெயர்ப்பு அல்ல. அதைத் தெரியாமல் போட்டுவிட்டால் திரையில் ஒருவரும் வாய் திறக்காதபோது கீழே ஒரு வரி ஓடும். ‘கிகீஸ் டெலிவரி சர்வீஸ்’ படத்துக்கு 1998இல் அமெரிக்காவில் செய்த டப்பிங்கில், மூலத்தில் சும்மா இருக்கும் கறுப்புப் பூனைக்கு இடையிடையே வசனம் எழுதிச் சேர்த்திருந்தார்கள். அமைதியாக இருந்தால் குழந்தைகளுக்கு அலுத்துவிடும் என்ற பயம்.

படிக்கத் தெரியாத வாண்டுகள் இருந்தால்? ஆங்கில டப்பிங் போடலாம், குற்றமில்லை. நான் செய்தது வேறு: ஜப்பானிய ஒலியை வைத்துக்கொண்டு, சின்னவளை மடியில் உட்கார வைத்து, வரும் வசனத்தைத் தமிழில் காதோரம் சொல்லிக்கொண்டே போனேன். டோட்டோரோவில் வசனம் கொஞ்சம்தான், மூச்சு வாங்காது. பத்து நிமிடத்துக்குப் பிறகு அவள் என் வாயை மூடிவிட்டாள். தானே புரிந்துகொண்டாளாம்.

மூன்றாம் படி: உட்காரும் விதம்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கக் கலக்கத்தில் வேண்டாம். விடுமுறை நாள் மத்தியானம், முடிந்தால் மழை நாள். போனை அடுத்த அறையில் வையுங்கள், சும்மா கவிழ்த்து வைப்பது போதாது. வேகத்தை ஒன்றேகாலாகக் கூட்டிவைத்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு: தயவுசெய்து இந்தப் படத்துக்கு வேண்டாம். இந்தப் படங்களில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இருக்கும் சும்மா நேரம்தான் படம், அதைச் சுருக்கிவிட்டால் கையில் மிஞ்சுவது வெறும் கதைச் சுருக்கம்.

அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் 2002இல் மியாசாகியைச் சந்தித்தபோது இதைப் பற்றிப் பேச்சு வந்தது. உங்கள் படங்களில் கதைக்குத் தேவையே இல்லாமல் ஆட்கள் ஒரு கணம் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்கள், ஓடும் ஓடையைப் பார்க்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கும் என்றார் ஈபர்ட். ஜப்பானிய மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ‘மா’ என்று சொன்ன மியாசாகி மூன்று நான்கு முறை கைதட்டிக் காட்டினாராம். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் இருக்கிறதே, அந்த இடைவெளிதான் மா. தட்டிக்கொண்டே இருந்தால் அது வெறும் சத்தம்.

வில்லனைத் தேடிய என் மருமகளுக்கு இதையெல்லாம் விளக்க முடியாது. “அந்த வீட்ல யாரோ ஒளிஞ்சிட்டிருக்காங்க, யார்னு கண்டுபிடி” என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு திரையின் மூலை முடுக்கெல்லாம் தேட ஆரம்பித்துவிட்டாள். பெரியவர்களுக்கும் இதே யோசனைதான். என்ன நடக்கப் போகிறது என்று பார்க்காமல், இந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கலை இயக்குநர் கசுவோ ஓகா வரைந்த பின்னணிகள் ஒவ்வொன்றையும் நிறுத்தி வைத்துப் பார்க்கலாம். ஓடைத் தண்ணீரில் குளிரப் போட்ட வெள்ளரிக்காய், தக்காளி, வேலியோரப் புல், அந்தந்த நேரத்து வெயில்.

நான்காம் படி: பஸ் ஸ்டாப்பில் நின்று பழகுங்கள்

எல்லாவற்றையும் ஒரே காட்சியில் கற்றுக்கொள்ளலாம் என்றால் அது பஸ் ஸ்டாப் காட்சிதான்.

மழை. அப்பா குடை எடுத்துப் போகவில்லை, அதனால் இரண்டு பிள்ளைகளும் குடையோடு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறார்கள். ஒரு பஸ் வருகிறது, அப்பா அதில் இல்லை. இருட்டிக்கொண்டு வருகிறது. மேய் சும்மா இராமல் பக்கத்தில் இருக்கும் சின்னக் கோயிலை எட்டிப் பார்க்கிறாள். உள்ளே இருட்டில் நரிச் சிலைகள், பயந்து ஓடிவந்து அக்காவை ஒட்டிக்கொள்கிறாள். தூக்கம் வந்துவிடுகிறது. அக்கா அவளை முதுகில் தூக்கிக்கொண்டு, குடையைத் தோளில் அணைத்து, நிற்கிறாள். கம்பத்து விளக்கு எரிகிறது. ஒரு தேரை நடந்து போகிறது. இசைகூட ஏறக்குறைய இல்லை, மழைச் சத்தம்தான்.

அப்போது ஈரத்தரையில் காலடிச் சத்தம். குடையின் விளிம்புக்குக் கீழே சத்சுகிக்குத் தெரிவது நகமுள்ள பெரிய பாதம் மட்டும். மெல்லக் குடையைத் தூக்கிப் பார்க்கிறாள். பக்கத்தில், அவளைப் போலவே பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு, தலையில் ஒரு இலையை வைத்துக்கொண்டு, ஒரு மலை மாதிரி டோட்டோரோ.

இங்கே வேறு எந்தப் படமாக இருந்தாலும் ஒரு அலறல் வரும். சத்சுகி என்ன செய்கிறாள்? அது நனைகிறதே என்று பார்க்கிறாள், அப்பாவுக்குக் கொண்டுவந்த குடையை நீட்டுகிறாள். அதற்குக் குடை பிடிக்கத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்கிறாள். மரத்திலிருந்து ஒரு சொட்டுக் குடையில் ‘டொப்’ என்று விழுகிறது. டோட்டோரோவின் கண் விரிகிறது. இன்னொரு சொட்டு. அதன் உடம்பு மயிரெல்லாம் சிலிர்க்கிறது, வாய் அகலமாகிறது. பிறகு அது ஒரு குதி குதிக்கும் பாருங்கள், பூமி அதிர்ந்து, சுற்றியிருக்கும் மரங்களில் தங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் குடைமேல் கொட்டும்.

குடையில் விழும் மழைச் சத்தம் நமக்கெல்லாம் எப்போதோ காதில் விழாமல் போய்விட்டது. காட்டையே ஆளும் ஒரு ஜீவன் அதை முதல்முறையாகக் கேட்டு இப்படிப் பூரிக்கிறது. இந்தக் காட்சியில் நீங்கள் சிரித்துவிட்டால் போதும், அப்புறம் இந்த வகைப் படம் எதுவும் உங்களுக்கு மெதுவாகத் தெரியாது. சிரிப்பு வரவில்லை என்றாலும் கட்டாயப்படுத்திக்கொள்ளாதீர்கள், ஒரு வருடம் கழித்து இன்னொரு மழை நாளில் போட்டுப் பாருங்கள். எனக்கே இரண்டாவது தடவைதான் பிடிபட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து டோட்டோரோவை ஏற்றிக்கொண்டு போகும் பூனைப் பேருந்துக்குக் கால்கள் பன்னிரண்டு. வியட்நாமில் கண்டுபிடித்த வெல்வெட் புழு ஒன்றுக்கு 2013இல் விஞ்ஞானிகள் ‘டோட்டோரோ’ என்று இனப்பெயர் வைத்தார்கள், இந்தப் பேருந்தின் சாயல் அதற்கு இருந்ததால்.

ஐந்தாம் படி: இந்த ஆவிகள் யார்?

சப்டைட்டிலில் ‘ஸ்பிரிட்’ என்று வரும், தமிழில் ‘ஆவி’ என்று நினைத்துக்கொண்டால் உடனே பேய்ப்பட நினைப்பு வந்துவிடும். ஜப்பானில் ‘காமி’ என்பார்கள். மலை, ஆறு, முதிய மரம், பாறை எதிலும் காமி இருக்கும். ‘எண்பது லட்சம் தெய்வங்கள்’ என்று அவர்கள் சொல்வது, நம் முப்பத்து முக்கோடித் தேவர்கள் மாதிரி, எண்ண முடியாத அளவு என்று சொல்லும் வழக்கம்தான். இவர்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்று பிரிக்கவும் முடியாது. அவரவர் இடத்தில் இருக்கிறார்கள், நாம் போய் இடித்தால் கோபம் வரும்.

டோட்டோரோ மட்டும் எந்தப் பழங்கதையிலும் இல்லாதது, மியாசாகியின் கற்பனை. ‘டிரோல்’ என்ற ஐரோப்பியப் பூதத்தின் பெயரை ஜப்பானியர்கள் ‘தோரோரு’ என்பார்கள், மழலை பேசும் மேய் வாயில் அது டோட்டோரோ ஆகிவிட்டது. கரித்தூசி உருண்டைகளும் அவர் உருவாக்கியவைதான், பின்னாளில் ‘ஸ்பிரிட்டட் அவே’யிலும் கரி சுமக்கும்.

படத்தில் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் மூன்று. அந்தப் பெரிய மரத்தைச் சுற்றி முறுக்கிய வைக்கோல் கயிறும் வெள்ளைக் காகிதத் துண்டுகளும் கட்டியிருக்கும். இது தெய்வம் இருக்கும் இடம் என்று அர்த்தம். ஆலமரத்தில் மஞ்சள் துணி கட்டிப் பார்த்தவர்களுக்கு இதைப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அது என்ன மரம் தெரியுமா? கற்பூர மரம். நம் தட்டில் ஏற்றும் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த இன மரத்தின் கட்டையைக் காய்ச்சி எடுத்ததுதான்.

இரண்டாவது, மேய் எட்டிப் பார்த்துப் பயந்த நரிக் கோயில். அது இனாரி என்னும் நெல் தெய்வத்தின் கோயில், நரிகள் அதன் தூதர்கள். மூன்றாவது, பாதையோரம் நிற்கும் சின்னக் கல் சிலைகள். ஜிசோ என்று பெயர், பயணிகளுக்கும் குழந்தைகளுக்கும் காவல். மழையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் ஜிசோவிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டுதான் அதன் கூரைக்கடியில் ஒதுங்குவார்கள். படத்தின் கடைசிப் பகுதியில் மேய் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பாருங்கள். ஜப்பானியப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தைப் பார்த்ததுமே பாதி பயம் போய்விடும்; நமக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஆறாம் படி: பிள்ளைகள் கேட்பார்கள், தயாராக இருங்கள்

அப்பாவும் மகள்களும் ஒரே தொட்டியில் சேர்ந்து குளிக்கும் காட்சி ஒன்று வரும். ஜப்பானில் சின்னப் பிள்ளைகளோடு அப்படிக் குளிப்பது சாதாரண வீட்டு வழக்கம். ரிமோட்டைத் தேடி அவசரப்பட்டீர்கள் என்றால்தான் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும்.

“டோட்டோரோ நிஜமா?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும். அப்பா பாத்திரம் என்ன செய்கிறார் என்று பாருங்கள், அதையே நாமும் செய்யலாம். டோட்டோரோவைப் பார்த்ததாக மேய் சொல்கிறாள், கூட்டிப் போய்க் காட்டப் பார்த்தால் வழி இல்லை. அக்கா சிரிக்கிறாள். மேய்க்கு அழுகை முட்டுகிறது, நான் பொய் சொல்லவில்லை என்கிறாள். அப்பா, “கனவு கண்டிருப்பாய்” என்று முடித்துவிடவில்லை. நீ காட்டின் எஜமானரைச் சந்தித்திருப்பாய், எப்போதும் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு, மரத்தடிக்குக் கூட்டிப் போய் மூன்று பேருமாக வணக்கம் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய படிப்பாளி அவர், பல்கலைக்கழகத்தில் வேலை. பிள்ளையிடம் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

“அம்மா செத்துடுவாங்களா?” இதுவும் வரும். இல்லை என்று தைரியமாகச் சொல்லுங்கள். கடைசியில் பெயர்கள் ஓடும்போது படத்தை அணைத்துவிடாதீர்கள், அம்மா வீட்டுக்குத் திரும்பி வருவதை அங்கேதான் சின்னச் சின்னப் படங்களாகக் காட்டுவார்கள். அடுத்த படத்துக்குத் தானாகத் தாவும் வசதியை முன்பே நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அந்த இடம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். இந்தப் பிள்ளைகள் இருவரும் செத்துப்போனவர்கள், டோட்டோரோ எமன் என்றெல்லாம் இணையத்தில் ஒரு கதை சுற்றுகிறது. ஜிப்லியே 2007இல் அதை மறுத்துவிட்டது, விட்டுத் தள்ளுங்கள்.

ஏழாம் படி: அடுத்து என்ன?

ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ‘போன்யோ’. 2008இல் வந்தது. கடலிலிருந்து தப்பி வந்த மீன்குட்டி ஒன்று ஐந்து வயதுப் பையனுக்காக மனுஷியாக மாற நினைக்கும் கதை. ஹிரோஷிமா பக்கம் தோமோனோஉரா என்ற பழைய துறைமுக ஊரில் மியாசாகி தங்கியிருந்தபோது முளைத்த படம். கம்ப்யூட்டரை ஒதுக்கிவைத்துவிட்டு, அலைகளைக்கூடக் கையால் வரைந்தார்கள், மொத்தம் ஏறக்குறைய 1,70,000 படங்கள். அலைகள் மீன்களாகவே துள்ளிக்கொண்டு வரும். ஆனால் ஊரையே கடல் மூடும் இடம் ஒன்று உண்டு. விளையாட்டாகத்தான் காட்டியிருக்கிறார்கள், என்றாலும் 2004இல் கடலோரத்தில் இருந்த குடும்பங்கள் முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று, நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி மூடிவைத்துக் காத்திருக்கும் காட்சி வரும். வீட்டில் ஒரு பாக்கெட் இருக்கட்டும், கேட்காமல் விடமாட்டார்கள்.

பத்து வயதை ஒட்டியவர்களுக்கு ‘கிகீஸ் டெலிவரி சர்வீஸ்’, அப்புறம் தரைக்கடியில் வாழும் விரல் நீள மனிதர்களைப் பற்றிய ‘அரியெட்டி’. இரண்டிலும் காட்டுத் தெய்வம் எதுவும் இல்லை, ஆனால் அதே கண். ‘அரியெட்டி’யில் ஒரு சர்க்கரைக் கட்டியை எடுக்கப் போவது மலையேற்றம் மாதிரி இருக்கும்.

இதற்குப் பிறகு ‘ஸ்பிரிட்டட் அவே’க்கு வாருங்கள், இப்போது தலை சுற்றாது. நாற்றமடிக்கும் சேறாக வந்து குளிக்கும் விருந்தாளியின் உடம்பிலிருந்து ஒரு சைக்கிள் கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும், பிடித்து இழுத்தால் குப்பை மலை மலையாகக் கொட்டும். மியாசாகி தன் ஊர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது நிஜமாகவே ஒரு சைக்கிளை இழுத்து வெளியே போட்டிருக்கிறார். தண்ணீர்மேல் ஓடும் ரயிலில் சிறுமி சும்மா உட்கார்ந்து போகும் நிமிடங்களுக்கு வந்து சேரும்போது, ‘மா’ என்றால் என்னவென்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

‘போம் போக்கோ’ 1994இல் தகாஹாதா எடுத்தது. டோக்கியோவின் ஓரத்தில் தாமா நியூ டவுன் என்ற புதுநகரம் எழும்பியபோது காட்டை இழந்த தனுகி என்னும் விலங்குகள் உருமாறி மனிதரை விரட்டப் பார்க்கும் கதை. தனுகியின் விதைப்பை வேண்டிய அளவுக்குப் பெரிதாகும் என்பது ஜப்பானிய நாட்டார் நம்பிக்கை, படத்தில் அதைப் பாராசூட்டாகக்கூடப் பயன்படுத்தும். ஆங்கில டப்பிங்கில் நாசூக்காக ‘பை’ என்று சொல்லித் தப்பித்துவிட்டார்கள். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்ப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

‘பிரின்சஸ் மோனோநோகே’ கடைசியில், அதுவும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். 1997 படம், யாகுஷிமா தீவின் பாசி படர்ந்த காட்டைப் பார்த்து வரைந்தது, தலையை ஆட்டும் சின்ன வெள்ளை மரத்தெய்வங்கள் அவ்வளவு அழகு. அந்த அழகை நம்பித்தான் நான் ஏமாந்தேன். பார்க்காமலே, மியாசாகி படம்தானே என்று தங்கையின் மூத்த பையனுக்குப் போட்டுவிட்டேன், எட்டு வயது. கால் மணி நேரத்துக்குள் ஒருவன் கை அம்பு பட்டுத் துண்டாகிப் பறந்தது, அடுத்தவன் தலை போனது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, “ஏண்ணே, நீ பாத்துட்டுத்தான் போட்டியா?” என்றாள். அன்றைக்கு ராத்திரி பையன் விளக்கை அணைக்க விடவில்லை. அதிலிருந்து எந்தப் படமாக இருந்தாலும் முதலில் நான் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளுக்குக் காட்டுவது.

ஜப்பானுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால்: டோட்டோரோ கிராமத்துக்கு மாதிரியாக இருந்த சயாமா குன்றுகள் சைதாமா மாவட்டத்தில் தொகோரொசாவா ஊரை ஒட்டி இருக்கின்றன. மக்களிடம் நிதி திரட்டி 1991 முதல் துண்டு துண்டாகக் காட்டை வாங்கி, ‘டோட்டோரோ காடு’ என்று எண் போட்டுக் காக்கிறார்கள், ஐம்பது துண்டுக்கு மேல் ஆகிவிட்டது. மிதாகாவில் ஜிப்லி அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் முன்பதிவு செய்தால்தான் உண்டு, உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். சத்சுகியும் மேயும் இருந்த வீட்டை அப்படியே கட்டிவைத்திருப்பது இன்னும் தள்ளி, ஐச்சி மாவட்டத்தில் 2022இல் திறந்த ஜிப்லி பூங்காவில்.

எட்டாம் படி: ஜிப்லியை விட்டு வெளியே

இதே வாசனையில் மற்றவர்கள் எடுத்ததும் இருக்கிறது. ‘ஏ லெட்டர் டு மோமோ’வில் அப்பாவைப் பறிகொடுத்த பெண், அம்மாவோடு செதோ உள்கடலில் ஒரு தீவுக்கு வருகிறாள். அப்பா எழுதத் தொடங்கிய கடிதத்தில் ‘மோமோவுக்கு’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அதோடு, பரணில் சோற்றுத் திருடர்களாக மூன்று பூதங்கள். மமோரு ஹொசோதாவின் ‘உல்ஃப் சில்ட்ரன்’ ஓநாய்ப் பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கும் அம்மாவின் கதை. பிள்ளைகளைவிடப் பெற்றவர்களைத்தான் அதிகம் பாதிக்கும்.

எல்லாவற்றிலும் சின்னது ‘ஹோதாருபி நோ மோரி எ’, 2011, முக்கால் மணி நேரம்தான். ஆறு வயதில் காட்டில் வழி தவறிய சிறுமி, முகமூடி போட்ட ஒரு பையனைச் சந்திக்கிறாள். மனிதர் கை பட்டால் அவன் மறைந்துவிடுவான். அவள் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வருகிறாள், வளர்ந்துகொண்டே போகிறாள், அவன் அப்படியே இருக்கிறான். முக்கால் மணி நேரம்தானே, பார்த்துவிட்டுப் படுக்கலாம் என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போட்டுவிடாதீர்கள். நான் போட்டேன். மறுநாள் ஆபீஸில் கண் ஏன் இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டவர்களிடமெல்லாம் ராத்திரி ஒரே கொசு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.